கோட்டை மேலிருந்து ஒரு ராங் நம்பர்

தீபாவளிக்கு பனியன் கம்பெனிகளை ஒரு வாரம் மூடிவிடுவார்கள். திருப்பூர் அருள்புரத்தில் நாங்கள் குடியிருந்த காம்பவுண்டில் வீட்டுக்கு வீடு பூட்டு தொங்கும். எல்லோரும் பை பையாகத் தூக்கிக்கொண்டு தெற்கே சொந்த ஊருக்குப் போயிருப்பார்கள். எனக்கு எட்டு வயதான அந்த வருஷமும் நாங்கள் போகவில்லை. பஸ்ஸில் இடம் கிடைக்காது என்றாள் அம்மா. சித்தி லீவு கிடைக்கவில்லை என்றாள். கம்பெனியே மூடிக் கிடந்தது, ஆனாலும் நான் நம்பினேன். பெரியம்மாவுக்கு அவிநாசிப் பக்கம் ஊர். "அதென்ன கண்ணு, டவுன் பஸ் ஏறுனாப் போயிரலாம்" என்பார். அவர் ஏறி நான் பார்த்ததில்லை.

சித்தியும் பெரியம்மாவும் எங்களுக்குச் சொந்தமில்லை. அம்மாவோடு ஒரே மேஜையில் நின்று, தைத்து வரும் பனியன்களில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிறவர்கள். அந்த வழியில் ஒருவர் பெரியம்மா, ஒருத்தி சித்தி.

தீபாவளிக்கு மறுநாள் காலையில் பெரியம்மா வந்து கதவைத் தட்டினார். "இப்புடியே ஊட்டுக்குள்ள மொகத்தை மொகத்தைப் பாத்துட்டு உக்காந்திருந்தா பைத்தியந்தான் புடிக்கும். ரயிலேறி சங்ககிரிக் கோட்டைக்குப் போயிட்டு வரலாம், கெளம்புங்க."

அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். சித்தியையும் கூட்டிக்கொண்டு நாங்கள் நால்வரும் கிளம்பினோம்.

பாசஞ்சர் வண்டியில் கூட்டமே இல்லை. சித்தி அவர்கள் கம்பெனி சூப்பர்வைசர் மாதிரி இடுப்பில் கை வைத்து நடந்து காட்டினாள். அம்மா அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஈரோடு தாண்டி, காவிரிப் பாலத்தின் தடதடப்பில் யார் பேசுவதும் கேட்காத நேரத்தில், இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தார்கள்.

மதில் சூழ்ந்த ஊர் என்று பெரியம்மா சொல்லியிருந்ததால், உள்ளே தெருவும் கடையும் இருக்கும், ஒருவேளை ராஜாவும் இருப்பார் என்று எதிர்பார்த்தேன். வாசல் வாசலாகக் கடந்து மூச்சு வாங்க ஏறினால் இடிந்த சுவர்களும் குரங்குகளும்தான். "ஊரு எங்கீங்க பெரியம்மா?" என்று கேட்டேன். "ஒரு காலத்துல இருந்துச்சு கண்ணு. பாத்து ஏறு, உளுந்து வெச்சறாத" என்றார்.

உச்சியில் நல்ல காற்று. சித்தி மதிலில் சாய்ந்து தெற்கே பார்த்தபடி நின்றாள். பிறகு பெரியம்மாவிடம், "அக்கா, உங்க போனைக் கொஞ்சம் தாங்களேன்" என்று கேட்டு வாங்கினாள். மனப்பாடமாக ஒரு நம்பரை அழுத்தினாள். மணி அடிக்கத் தொடங்கியது. சட்டென்று போனை என் காதில் வைத்தாள்.

"நீ பேசு பிள்ள. ராங் நம்பர்னு சொல்லு. திருப்பூர்னு மட்டும் சொல்லிராத. இருமுதாங்களான்னு கவனி."

அவள் தன் விருப்பத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு வந்தவள் என்பதும், அழுத்தியது அவள் அம்மாவின் நம்பர் என்பதும், இனி வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று அவள் அப்பா சொல்லியிருந்ததும் எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரியும். அன்றைக்கு அது ஒரு விளையாட்டு என்றே நினைத்தேன்.

"யாரு பேசுதது?" என்றது ஒரு பெண் குரல்.

"ராங் நம்பருங்க."

"திருப்பூருப் பேச்சால்ல இருக்கு!" குரல் சட்டென்று தணிந்தது. "வச்சிராத தாயி. எங்க இருந்து பேசுத?"

"கோட்டை மேல இருந்துங்க."

"கூட யாரு இருக்கா?"

"எங்கம்மா, பெரியம்மா, அப்புறம் சித்திங்க."

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "அவ சாப்பிட்டாளா?" என்று கேட்டார்.

எவள் என்று நான் கேட்கவில்லை. அதிகம் சாப்பிட்டது சித்திதான் என்பதால், "நல்லா சாப்பிட்டாங்க. எங்கம்மா இட்லியையும் எடுத்துச் சாப்பிட்டாங்க" என்றேன். சிரிப்பா இருமலா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. உடனே, "அவுக வாராக, வச்சிருதேன். நாளைக்கும் இதே நேரத்துக்கு ராங் நம்பர் போடு தாயி, என்ன?" என்றார். போன் அடங்கிவிட்டது.

"என்ன சொன்னாங்க? இருமுனாங்களா?"

"தெரியல சித்தி. அவ சாப்பிட்டாளான்னு கேட்டாங்க."

சித்தி அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். அம்மா ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். பெரியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். வயிறு நிறையச் சாப்பிட்டவர்கள் எதற்காக அழவேண்டும் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. நாளைக்கும் போடச் சொன்னதை அப்புறம்தான் சொன்னேன். அழுதுகொண்டிருந்த சித்தி அழுகையோடேயே சிரித்து, என்னை இழுத்துக் கன்னம் வலிக்க முத்தம் கொடுத்தாள்.

ராங் நம்பர் என்றால் தெரியாமல் போடுவதுதானே, அதை நாளைக்கு என்று சொல்லிவைத்து எப்படிப் போடுவது என்று, ரயிலில் சித்தியின் மடியில் தலைவைத்துப் படுத்தபடி, திருப்பூர் வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.