வண்டி எடுக்கும் முன் ஒரு டீ

கண்டக்டரை நான் முதலில் பார்த்தது மருத்துவமனைக் கழிப்பறை வாசலில். உணவு ஆலோசகராக வேலையில் சேர்ந்த புதிது. சாப்பிடும்போதுகூட அடையாள அட்டையைக் கழற்ற மனம் வராத காலம். வெளியே வந்தவர் அதைக் கிட்டத்தில் வந்து படித்துவிட்டு, “நீங்கதான் சாப்பாட்டு டாக்டரா தம்பி? உங்களத்தான் தேடி வந்தேன். நடுவுல வேற ஜோலி வந்துடுச்சு” என்றார். நான் டாக்டர் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

குடலில் அடைப்பு வந்து, சிறுகுடலின் கடைசிப் பகுதியையும் அது பெருங்குடலோடு சேரும் இடத்து வால்வையும் அவருக்கு அறுவை சிகிச்சையில் எடுத்திருந்தார்கள். படம் வரைந்து காட்டினேன். இரைப்பையின் அடிவாயில் ஒரு சுருக்குத்தசை; கூழான உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சிறுகுடலுக்குள் விடும். சிறுகுடல் முடிகிற இடத்தில் இன்னொன்று. சத்தை உறிஞ்ச நேரம் கொடுத்து உள்ளதைப் பிடித்து வைக்கும், பெருங்குடலுக்குப் போனது திரும்பி வராமலும் பார்த்துக்கொள்ளும். அடுத்த வேளைச் சாப்பாடு வயிற்றில் விழுந்ததும் தளர்ந்து, பழையதற்கு வழிவிடும்.

“அப்ப முன்படியில ஆள் இருக்கான். பின்படியிலதான் இல்ல” என்றார் கண்டக்டர்.

படியில் நிற்காதே என்று ஊரையே விரட்டினவருக்கு வந்த நிலைமையைப் பாருங்கள் என்று அவர் மனைவி சிரித்தார். சிரித்தபடியே கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

அவர்கள் மகள் இருந்தது ஒரு பகல் முழுக்கப் பஸ்ஸில் போகிற தூரத்தில். அந்த ஊருக்கு ரயில் கிடையாது; பஸ்ஸில் கழிப்பறை கிடையாது. கண்டக்டர் வேலை பார்த்து ஓய்ந்ததும் அதே தடத்தில்தான். பேத்தி பிறந்து தவழவே ஆரம்பித்துவிட்டாள். அவர் பார்த்ததெல்லாம் போனில். குழந்தையின் தலையில் என்ன வாசம் வரும் என்று மகளிடம் ஒருநாள் கேட்டாராம். பால் வாசம்தான்ப்பா, வேறென்ன என்றாளாம் அவள்.

வழியில் நிறுத்தச் சொல்லிப் போகலாமே என்றேன்.

“யார் கெஞ்சினாலும் நடுவுல நிறுத்தினவன் இல்ல தம்பி நான். இப்ப எனக்காக நிறுத்தச் சொல்ல மூஞ்சி வேணாமா?”

வயிற்றுப்போக்கைக் கட்டுப்படுத்த டாக்டர் எழுதிய பொடியோடு, என் பங்குக்கு நான் சொன்னது: பாலும் சர்க்கரையும் வேண்டாம்; காய்ந்ததாக, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடணும்; சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது. வீட்டில் பழகிப் பார்த்து, வயிறு ஓரளவு கட்டுக்குள் வந்ததும் மகள் ஊருக்குக் கிளம்பினார். மதியமே வீடு திரும்பிவிட்டார்.

வண்டி எடுக்கும் முன் டிரைவரும் கண்டக்டரும் நின்றபடியே ஒரு டீ குடிப்பது அவர்கள் வழக்கம். அன்றைக்கு வண்டியில் அவருடைய பழைய டிரைவர். கிளாஸை நீட்டியிருக்கிறார், இவர் கையும் தானாக நீண்டிருக்கிறது. கெட்டிப் பால், தாராளமாகச் சர்க்கரை. ஊர் எல்லை தாண்டுவதற்குள் தானே மணியை இழுத்து, பொம்மைப் பையோடு இறங்கிவிட்டார். அங்கிருந்த கழிப்பறையில் காரியம் முடிந்து வெளியே வந்து, வண்டி போன திசையைப் பார்த்துக்கொண்டே நின்றாராம்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் பஸ் நிலையம் போய், அந்த வண்டி கிளம்புவதைப் பார்த்துவிட்டு வந்தார். பல நாள் பொறுத்துப் பார்த்த டிரைவர் ஒருநாள் டீக்கடைப் பக்கமே போகவில்லை.

“யோவ் கண்டக்டரே, இன்னைக்கு நானும் குடிக்கல. ஏறும்.”

சட்டைப் பையில் ரஸ்க்கோடு ஏறினார். மதியச் சாப்பாட்டுக்கு வண்டி நிற்கும் ஊர்வரை தாக்குப்பிடித்தார். அதற்கு மேல் மலைப்பாதை, ஒதுங்க இடம் கிடையாது. வயிறு முனக ஆரம்பித்திருந்தது. இறங்கிக்கொண்டு மகளுக்குப் போன் போட்டார்.

“பாதி வழி வந்துட்டேன்மா. இதுக்கு மேல ஆகாது போல.”

“அங்கேயே இருங்கப்பா. பாப்பாவ நான் தூக்கிட்டு வர்றேன்.”

கழிப்பறைக்குப் பக்கத்துப் பெஞ்சில் காத்திருந்தார். சாயங்காலம் அவள் வந்து குழந்தையை மடியில் வைத்தாள். உச்சந்தலையில் முகத்தை வைத்தார். கொஞ்ச நேரத்தில், “புடிம்மா, புடிம்மா” என்று திருப்பிக் கொடுத்துவிட்டு ஓட வேண்டி வந்தது.

கண்டக்டர் இப்போதும் மனைவியோடு அதே வீட்டில் இருக்கிறார். அவ்வப்போது அந்தப் பெஞ்சுவரை போய் வருகிறார். மகள் வீட்டை இன்னும் பார்க்கவில்லை.