பொத்தான் தைக்கும் காட்சி

எமர்ஜென்சி முடிந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. நான் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு வேலை இல்லாமல் மதுரையில் சுற்றிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் கொட்டாம்பட்டிப் பக்கம். அப்பாவும் அம்மாவும் காட்டு வேலைக்குப் போகிறவர்கள். குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான்தான். டிகிரி வாங்கியவன் திரும்பி வந்து களை வெட்டினால் ஊர் என்ன பேசும்? அந்தப் பயத்தில், கிடைத்த வேலையில் ஒட்டிக்கொண்டேன். மாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் இருந்த சினிமா விநியோகஸ்தர் அலுவலகத்தில் எடுபிடி.

அங்கே எனக்குக் கொடுத்த முதல் பெரிய வேலை, படம் பார்க்கிற ஜனங்களைப் பார்ப்பது.

அந்த வாரம் ஒரு அரசியல் படம் வெளியாகியிருந்தது. மந்திரி வீட்டில் நடக்கும் கொலையை அவருடைய கார் டிரைவர் பார்த்துவிடுகிறான். மந்திரி அலுவலகத்தில் டைப் அடிக்கும் பெண்ணுக்கும் அவனுக்கும் காதல். சாட்சி சொன்னால் உயிர் தங்காது, சொல்லாவிட்டால் மனசு தாங்காது. இதுதான் கதை. படத்தில் மந்திரியைப் பார்த்துக் கேட்கிற கேள்விகளையெல்லாம் பத்திரிகைகள் பாராட்டியிருந்தன. ஆனால் காதலை எல்லாருமே திட்டியிருந்தார்கள். கோர்ட்டுக்குப் போவதற்கு முன்னால் அந்தப் பெண் டிரைவரின் சட்டைக்குப் பொத்தான் தைக்கிற காட்சி ஒன்று உண்டு. பாட்டில்லை, பேச்சில்லை. ஓடுகிற ரயிலை நிறுத்திவிட்டு யாராவது பொத்தான் தைப்பார்களா என்று ஒரு வாரப் பத்திரிகை கேலி செய்திருந்தது.

முதலாளி அந்தப் பக்கத்தை மேஜையில் போட்டார்.

"பத்திரிகைக்காரன் சொல்றதுக்காக வெட்ட முடியாது. நாளைக்கு மேட்னிக்குப் போயி உக்காரு. அந்த சீன்ல ஜனம் எந்திரிச்சு வெளிய போனாகன்னா வெட்டிருவோம். எங்கெங்க கை தட்றாகன்னும் நேரத்தப் பாத்துக்க. நம்ம ஆபீஸ் ஆளுன்னு மட்டும் மூச்சு விட்றாத. தெரிஞ்சா வேணும்னே விசிலடிப்பாய்ங்க."

தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தார். இருட்டில் மணி பார்க்கப் பேனா மாதிரி ஒரு சின்ன டார்ச்சும் கொடுத்தார். எழுதினால் சந்தேகப்படுவார்களாம், எல்லாவற்றையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டுமாம்.

வைகைக்கு வடகரையில் ஒரு தியேட்டர். ஞாயிற்றுக்கிழமை. மேனேஜர் எனக்குத் திரைக்குப் பக்கத்தில், வெளியே போகும் கதவோரமாக ஒரு ஸ்டூலைப் போட்டுவிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போய்விட்டார். எனக்கு இடப்பக்கம் பெண்கள் உட்காரும் தரை. நடுவில் இடுப்பளவு சுவர். திரைக்கு முதுகைக் காட்டி, ஜனங்களைப் பார்த்து உட்கார்ந்தேன். படம் ஓடும்போது திரையின் வெளிச்சத்தில் அத்தனை முகமும் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

டிரைவர் முதல் முறை மந்திரியை எதிர்த்துப் பேசினான். தியேட்டர் அதிர்ந்தது. நான் டார்ச்சை அழுத்தி மணி பார்த்தேன். அடுத்த கைதட்டல், மறுபடி டார்ச். ஒருவன் எழுந்து நின்று, "கேளு மாப்ள, நல்லாக் கேளு! நாங்க கேக்க முடியாதத நீயாவது கேளு!" என்று கத்தினான். மறுபடி டார்ச்.

நாலைந்து முறை ஆன பிறகுதான் கவனித்தேன். கை தட்டியவர்களில் சிலர் திரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எமர்ஜென்சியில் டீக்கடையில் பேசிய பேச்சுக்காக ஆட்களைத் தூக்கிக்கொண்டு போனது யாருக்கும் மறந்திருக்கவில்லை. எங்கே, யார், என்ன பேசுகிறார்கள் என்று போட்டுக்கொடுக்க ஆள் இருந்தது. கை தட்டும்போதெல்லாம் ஒருவன் டார்ச் அடிக்கிறான். படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறான். இவன் யாராக இருப்பான்? அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் அதையேதான் நினைத்திருப்பேன்.

இடைவேளையில் ஒருவர் பக்கத்தில் வந்தார். அழுக்கு வேட்டி, நெற்றியில் பழைய தழும்பு. எழுந்து கத்தியவர் அவர்தான்.

"தீப்பெட்டி இருக்காண்ணே?"

"இல்லீங்க. பழக்கமில்ல."

"டார்ச்சு மட்டுந்தான் பழக்கமா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

மறுபடி விளக்கு அணைந்தபோது அவரும் இன்னும் மூன்று பேரும் இடம் மாறி, என் ஸ்டூலுக்கு நேர் எதிரே வந்து உட்கார்ந்திருந்தார்கள். கைக்கெட்டும் தூரம். என் முதுகுக்குப் பின்னால் இருந்த கதவைப் படம் முடிந்தால்தான் வெளியிலிருந்து திறப்பார்கள். மேனேஜரும் இல்லை. ஒருவன் குனிந்து மெதுவாகச் சொன்னான்.

"படம் முடியட்டும், இரு."

பயந்து போய் நான் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதற்கப்புறம்தான் நானே படத்தைப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும்.

அந்தக் காட்சி வந்தது. அன்றைக்குத்தான் கோர்ட்டு. டிரைவர் கிளம்பி நிற்கிறான். சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. அந்தப் பெண் ஊசியை எடுத்துவந்து, அவன் போட்டிருக்கிற சட்டையிலேயே தைக்க ஆரம்பிக்கிறாள்.

பெண்கள் பக்கம் கொதித்துப் போனது.

"அடியே, கழட்டித் தைடி!"

"உடுத்துன துணியிலயா தைப்பாக? வெளங்குமா?"

"ஆகாதுடி, ஆகாதுடி... ஐயோ, நூல வாயில கடிக்கிறாளே!"

உடுத்திய துணியைத் தைத்தால் ஆகாது என்பது எங்கள் வீட்டிலும் உண்டு. அவளுக்கும் தெரிந்துதானே இருக்கும்? தெரிந்தும் தைக்கிறாள் என்றால், கழற்றச் சொல்கிற அந்த நேரத்தைக்கூட அவள் விட மனசில்லாமல் நிற்கிறாள். பத்திரிகைக்காரர்கள் படம் நின்றுபோன இடம் என்று எழுதியிருந்தார்கள். இங்கே பெண்கள் பக்கம் முழுக்க அவளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது.

எனக்கு எங்கள் அம்மா ஞாபகம் வந்துவிட்டது. கூலித் தகராறில் அப்பாவை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்ட அன்று அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அவருடைய துண்டை மட்டும் உதறி மடித்தது, திரும்பப் பிரித்து உதறியது. இன்னும் கொஞ்ச நேரத்தில் என்னை அடிக்கப் போகிறார்கள் என்ற பயமும் சேர்ந்துகொண்டதோ என்னவோ, கண்ணீர் நிற்கவே இல்லை. சட்டைக் கையில் துடைத்துக்கொண்டேன்.

திரும்பிப் பார்த்தபோது தழும்புக்காரர் எழுந்து, பின்வாசல் வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தார். உயிர் வந்தது. முதலாளி சொன்ன கணக்கும் ஞாபகம் வந்தது. காதல் காட்சி, ஆள் எழுந்து போகிறார். அப்படியென்றால் பிடிக்கவில்லை.

படம் முடிந்து கதவு திறந்ததும் என் சட்டைக் காலரில் ஒரு கை விழுந்தது. அவர் திரும்பி வந்திருந்தார். சைக்கிள் நிறுத்தும் சந்துக்குள் என்னை இழுத்துக்கொண்டு போனார்கள். சுவரில் சாய்த்து நிறுத்தினார்கள். கூட்டம் கூடியது.

"யாருடா அனுப்புனது? எந்த ஸ்டேசன்?"

"சினிமாக் கம்பெனிங்க! ஜனங்களுக்குப் படம் பிடிக்குதான்னு பாக்க வந்தேங்க!"

"சினிமாக்காரன் எதுக்குடா எங்க மூஞ்சியப் பாக்கணும்? பொய் சொல்றதாச்சும் ஒழுங்காச் சொல்றா!"

அறை விழுந்தது. காது ஓவென்று இரைந்தது. டார்ச்சைப் பிடுங்கினான் ஒருவன். சைக்கிள் செயின் ஒன்று யார் கையிலோ ஆடியது. அதைப் பார்த்தபோது உண்மையிலேயே இன்றோடு போச்சு என்று நினைத்தேன். கைக்கடிகாரத்தை மட்டும் சட்டைக்குள் மறைத்துக்கொண்டேன். அது முதலாளியுடையது.

அப்போது பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"விடுங்கடா அவன!"

முப்பத்தைந்து வயசிருக்கும். அப்பளக் கம்பெனியில் வேலை பார்ப்பவர் போல, முழங்கை வரை உளுந்து மாவு காய்ந்திருந்தது. அரைச் சுவருக்கு அந்தப் பக்கம், என் ஸ்டூலை ஒட்டி உட்கார்ந்திருந்தவர்.

"அக்கா, ஒனக்குத் தெரியாது. இவன் சிஐடி" என்றான் செயின்காரன்.

"சிஐடியாம்ல! அந்தப் புள்ள பொத்தான் தைக்கையில இவன் தேம்பித் தேம்பி அழுதான். நான் படத்தப் பாக்கவா, இவனப் பாக்கவான்னு இருந்துச்சு எனக்கு."

"அவுகளுக்கு நடிக்கவும் சொல்லிக் குடுத்திருப்பாக."

"போடா கூறு கெட்டவனே. ஒங்களுக்கு முதுகக் காட்டிக்கிட்டு, இருட்டுக்குள்ள யாருக்குடா நடிப்பான்?"

தழும்புக்காரர் என் சட்டைக் கையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. காலரை விட்டார்.

பிறகு நான் எல்லாவற்றையும் சொன்னேன். கடிகாரம், டார்ச், வெட்டுவதற்காக முதலாளி கேட்ட கணக்கு. கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். சண்டை பத்தவில்லை என்றான் ஒருவன். மந்திரி வீட்டு நாயை நீளமாகக் காட்டுகிறார்கள், அதை வெட்டு என்றான் இன்னொருவன். அந்த அக்கா மட்டும், "பொத்தான்ல கை வச்சீகன்னா தியேட்டர்ல ஒரு சேர் மிஞ்சாதுன்னு ஒங்க மொதலாளிட்டச் சொல்லு" என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று போய்விட்டார். நன்றி சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை.

தழும்புக்காரர் டார்ச்சை வாங்கி என் கையில் வைத்தார்.

"நீங்க அந்த சீன்ல எந்திரிச்சுப் போனீகளேண்ணே. பிடிக்கலையா?" என்று கேட்டேன். அடி வாங்கிய பிறகும் வேலை புத்தி போகவில்லை.

அவர் என்னைப் பார்க்காமல், சைக்கிள்களைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"எங்க அண்ணனத் தூக்கிட்டுப் போனாகல்ல, டீக்கடையில பேசுனதுக்கு. அன்னைக்கு அண்ணி சண்ட போட்டுத்தான் வெளிய அனுப்புச்சு. ஒரு வாய் கஞ்சி குடுக்கல. ஆளு திரும்பி வந்துச்சு, பேச்சு வரல. அண்ணி இன்னமும் அதச் சொல்லித்தான் அழுகும்." தன் சைக்கிளின் ஸ்டாண்டைத் தட்டிவிட்டார். "அந்தப் புள்ள தைக்கிறத என்னால பாக்க முடியல, தம்பி. வாரேன்."

சாயங்காலம் வீங்கிய கன்னத்தோடு முதலாளி முன்னால் நின்றேன்.

"எந்திரிச்சுப் போனாகளா, இல்லையா?"

"போனாக. ஆனா வெட்டாதீங்க."

காரணத்தைச் சொன்னேன். அவர் நம்பினாரா என்று தெரியாது. "சரி, இங்க இருக்கட்டும்" என்றார். மதுரையில் அந்தப் படம் சுமாராகத்தான் ஓடியது. சில மாதங்கள் கழித்து எங்கள் ஊர்ப் பக்கத்து டூரிங் டாக்கீஸுக்கு வந்தபோது அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். டிரைவர் கோர்ட்டுப் படியில் ஏறினான். அவன் சட்டையில் எல்லாப் பொத்தானும் இருந்தது. அதைத் தைத்த காட்சி இல்லை. எந்த ஊரில் யார் எழுந்து போனதற்காக வெட்டினார்களோ! அம்மாவுக்கு எதுவும் குறைந்ததாகத் தெரியவில்லை. எனக்குத்தான் தெரிந்தது.

இப்போது கே.கே. நகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருக்கிறேன். பாடத்தின் நடுவில் ஒரு பையன் எழுந்து, வெளியே போகட்டுமா என்று கேட்டால் எனக்கு மற்ற வாத்தியார்களைப்போல் கோபம் வருவதில்லை. அவன் எதைப் பார்க்க முடியாமல் எழுந்தானோ என்று அவன் திரும்பி வரும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.