அத்தை தூக்கிப் பார்த்து வாங்கிய மெஷின்

எழுபதுகளில் எங்கள் பெரியப்பா கோயமுத்தூர் மில் ஒன்றில் நாலு மாதம் வேலை பார்த்துவிட்டு, புழுக்கம் ஒத்துக்கொள்ளவில்லை என்று எங்கள் ஊரான பெருமாட்டிக்கே திரும்பி வந்தார். அந்த நாலு மாதம் போதும். அதற்கப்புறம் உலகத்தில் சக்கரம் வைத்துச் சுழல்கிற எல்லாவற்றுக்கும் அவர்தான் அதிகாரி. சைக்கிளானாலும் பம்புசெட்டானாலும் ஊரில் அவரைக் கேட்டுத்தான் வாங்குவார்கள். கேட்காவிட்டாலும் வந்து சொல்லுவார்.

அத்தை, அப்பாவுக்கும் அவருக்கும் ஒரே தங்கை. புருஷனிடம் அடி பொறுக்காமல் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். ஆடி கழிந்ததும் சமாதானம் பேசித் திருப்பி அனுப்பிவிடுவதென்று பெரியவர்கள் முடிவு செய்திருந்தார்கள். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அதுக்கு முன்னால எனக்கொரு தையல் மெஷின் வேணுங்ணா" என்று மட்டும் சொன்னாள். அங்கே போயும் ஒரு கைவேலை இருக்கட்டுமே என்று அப்பா ஒத்துக்கொண்டார். அத்தை தன் வளையலைக் கழற்றிக் கொடுத்தாள்.

பாலக்காட்டுக் கடைக்கு என்னையும் கூட்டிப் போனார்கள். பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாடத்தை ஆரம்பித்தார். பளபளப்பைப் பார்த்து ஏமாறக் கூடாது, ஓடும்போது சத்தத்தைக் கேட்க வேண்டும். தையலை மேலே மட்டும் பார்ப்பவன் முட்டாள், துணியைத் திருப்பி அடியிலும் பார்க்க வேண்டும். உள்ளதைச் சொன்னால், அத்தனையும் சரியான யோசனைதான்.

"கால் மெஷின்தான் வாங்கோணும் அம்மிணி. கை மெஷின்னா ஒரு கை சக்கரம் சுத்தவே போயிரும். அப்பறம் துணிய ஆரு புடிக்கறது?"

எனக்கும் கால் மெஷின்தான் வேண்டியிருந்தது. அந்த மிதிபலகையில் உட்கார்ந்து ஊஞ்சலாடலாம் என்று திட்டம் வைத்திருந்தேன்.

அத்தை எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பிறகு நேராக மூலைக்குப் போனாள். அங்கே மர மூடியும் மேலே பிடியுமாக ஒரு கை மெஷின் இருந்தது. அதை ஒரு கையால் தூக்கிக்கொண்டு கடைவாசல் வரைக்கும் நடந்தாள். மறு கைக்கு மாற்றித் திரும்பி வந்தாள்.

"இதே போதுங்ணா."

"தூக்கிப் பாத்து வாங்கறதுக்கு அதென்ன பூசணிக்காயா?" என்று பெரியப்பா கத்தினார். கடையே சிரித்தது. அத்தையும் சிரித்தாள். ஊஞ்சல் போன துக்கத்தில் நான் மட்டும் அழுதேன்.

ஆடி மாதம் முழுக்க அத்தை அக்கம்பக்கத்தாருக்கு ரவிக்கை தைத்தாள். ஆவணி பிறப்பதற்கு முன்பே ஒரு நாள் காலையில் பார்த்தால் மூலையில் மெஷின் இல்லை, வீட்டில் அத்தையும் இல்லை. ஏலப்பாறைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கூடப் படித்தவள் ஒருத்தி இருந்தாள் என்பதும், அங்கே தோட்டத்துப் பெண்களுக்குத் தைத்துக் கொடுத்து அத்தை தன் காலில் நின்றுவிட்டாள் என்பதும் பிற்பாடு தெரிந்த கதை.

அன்றைக்குப் பெரியப்பா வந்து காலியான மூலையைப் பார்த்துத் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். "அன்னைக்கே சொன்னன், கால் மெஷின் வாங்கோணும்னு. ஆராச்சும் கேட்டீங்களா?"

நியாயம்தானே என்று எனக்கும் பட்டது. அம்மா அவருக்கு இலை போட்டுப் புளிச்சோறு வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். முதுகு குலுங்கியது. அழுகிறாள் என்று ஓடிப் போய்க் கட்டிக்கொண்டேன். வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

யாராவது தூரப் பயணம் போனால்தான் எங்கள் வீட்டில் விடியற்காலையில் புளிச்சோறு கிளறுவார்கள். அன்றைக்கு ஏன் கிளறினாள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. ருசியாக இருந்தது, இன்னும் கொஞ்சம் வாங்கிச் சாப்பிட்டேன்.