உராய்வைப் புறக்கணிக்க

எண்ணெய் காணாத இரும்பச்சு எழுப்பும் கிறீச்சொலியை நினைத்தால் இன்றும் என் பற்கள் கூசுகின்றன. அது என் தந்தையாரின் கைவண்டி எழுப்பிய ஒலி. கழனிகள் தொழிற்சாலைகளான பின், கூலிக்கு நாற்று நட்ட கைகளால் அவர் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி ஏற்றிய வண்டியை இழுக்கலானார்; விடுமுறை நாள்களில் நானும் கள்ளிக்குப்பத்திலிருந்து உடன்சென்று, பின்புறம் இரு கைகளையும் ஊன்றித் ‘தம் கட்டி’த் தள்ளுவேன். களைத்துப்போய்க் கையை எடுத்தால் முன்னிருந்து குரல் வரும்: “வுட்றாதம்மே! நின்னுச்சின்னா மறுபடி கெளப்புறதுக்குள்ள உசுரு பூடும்.”

பத்தாம் வகுப்பு முடிந்ததும், அறிவியல் பிரிவை விரும்பியோர்க்கு எங்கள் பள்ளி தனித்தேர்வு ஒன்று வைத்தது. ஐம்பதுக்கு முப்பது பெற்றால் அறிவியல், இன்றேல் கலைப்பிரிவு. பொறியாளராகி, அத்தொழிற்பேட்டைக்குள் வண்டியைத் தள்ளிக்கொண்டு அல்லாமல் நிமிர்ந்து நுழைய வேண்டும் என்பது என் வேட்கை. விசை, முடுக்கம், இயக்க ஆற்றல் பற்றிய கணக்குகளையெல்லாம் முறையாகப் போட்டு வந்த எனக்குக் கடைசி வினா நற்பேறாகவே தோன்றியது: ‘கிடைத்தளத்தில் தள்ளப்படும் கைவண்டியின்மீது செயற்படும் விசை நீக்கப்படுகிறது. அதன்பின் வண்டி எவ்வாறு இயங்கும்? உராய்வைப் புறக்கணிக்க.’

சற்றும் தயங்காமல் எழுதினேன்: ‘நின்றுவிடும்.’

அவ்வினாவிற்கு இரண்டு மதிப்பெண். நான் பெற்றவை இருபத்தெட்டு.

விடைத்தாள்களைத் தந்த நாளில் இயற்பியல் ஆசிரியர் என் விடையை எல்லோர் முன்னும் உரக்கப் படித்தார். “ஒரே வேகத்துல போய்க்கிட்டே இருக்கும்னு விதி சொல்லுது. வண்டிக்காரர் பொண்ணு நிறுத்திட்டாங்க!” பின்வரிசையில் ஒருத்தி, “பிரேக்கு போட்டுட்டாடீ!” என்றாள். அறை அதிரச் சிரித்தார்கள்.

மறுநாள் தந்தையார் வண்டியோடு பள்ளி வாயிலுக்கே வந்துவிட்டார்; அந்த ஆசிரியரை வெளியே அழைத்தார். “சார், நீங்களே ஒரு தபா தள்ளிட்டு வுட்டுப் பாருங்க. நிக்கலன்னா எம் பொண்ணு எழுதுனது தப்பு.”

“கணக்கு வேற, உன் வண்டி வேறப்பா. உராய்வு இல்லேன்னு வெச்சுக்கணும்.”

“உராய்வுன்னா இன்னா சார்?”

ஆசிரியர் அச்சைச் சுட்டினார். “கிறீச்சுன்னு கத்துதே, அதான்.”

“அது இல்லேன்னு வெச்சிக்கினா எனுக்கு எதுக்கு சார் கூலி?”

ஆசிரியர் உள்ளே போய்விட்டார். மதிப்பெண் மாறவில்லை, நான் கலைப்பிரிவில் அமர்ந்தேன்.

அவ்விதி மெய்யானது என்பதைப் பின்னர்த் தெளிந்தேன்; அதனோடு எனக்குப் பகையில்லை. வினாவின் இறுதித் தொடரைக் கருதாமல் விடை எழுதியது என் பிழையே. ஆயின் அந்த ஆசிரியர், ‘ஏன் நிற்கும்?’ என்று ஒருமுறை கேட்டிருக்கலாமே! தோள்பட்டை கன்றக் கன்ற நான் அறிந்திருந்ததைச் சொல்லியிருப்பேன்; உராய்வு எனும் பெயரை அவர் அப்போதே கற்பித்திருக்கலாம். அதைவிட அவருக்கு என் தந்தையின் தொழிலைச் சொல்லிச் சிரிப்பது எளிதாயிருந்தது. இத்தனை ஆண்டுகளாகியும் என் சினம் தணியவில்லை, தணியவும் வேண்டியதில்லை. பிற்பாடு தமிழ் பயின்று, ‘புறக்கணித்தல்’ என்பதற்கு அகராதியில் ‘பொருட்படுத்தாது ஒதுக்குதல்’ எனக் கண்டபோது எனக்கு அது புதிய செய்தியாக இல்லை.

இன்று தொழிற்பேட்டைச் சாலையில் கைவண்டி இல்லை, அந்தக் கிறீச்சொலி இல்லை, அதனை இழுத்தவரும் இல்லை. சென்ற ஆண்டு ஒரு பதிப்பகத்தார் இயற்பியல் வினாநூல் ஒன்றை மெய்ப்புத் திருத்த அனுப்பினர். அதே வினா அதிலும் இருந்தது; கைவண்டி மகிழுந்தாகியிருந்தது. ‘உராய்வைப் புறக்கணிக்க’ மட்டும் ஓரெழுத்தும் மாறவில்லை. அத்தொடரில் பிழையேதும் இல்லாமையால் அதனை விடுத்து, ஓரத்தில் சிவப்பு மையால் ஒரு வரி சேர்த்தேன்: ‘நின்றுவிடும் என எழுதும் பிள்ளையிடம் ஏன் எனக் கேட்க.’

நூல் அச்சாகி வந்தது. அவ்வரியைப் புறக்கணித்திருந்தார்கள்.