மஜ்ஜையில் பாசி இல்லை

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். பதினோரு வருடமாகத் தடயவியல் ஆய்வகத்தில் செத்தவர்களின் எலும்போடு குப்பை கொட்டுகிறவள் நான். கதை கட்டிவிட எனக்கு நேரமில்லை. பேய் வர நடுராத்திரி வேண்டும் என்பதெல்லாம் சும்மா. அன்று சனிக்கிழமை, சாயங்காலம் 5.10. ஜன்னலில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நான் மட்டும்தான் இருந்தேன்.

மேசையில் ஒரு இளம்பெண்ணின் தொடை எலும்புத் துண்டு. ஏரியில் தவறி விழுந்து இறந்துவிட்டாள் என்று புருஷன் சொல்லியிருந்தான். ஏரித் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத பாசி இருக்கும். உயிரோடு மூழ்கினால் அது மூச்சோடு உள்ளே போய், ரத்தத்தில் கலந்து, எலும்பு மஜ்ஜை வரை சேர்ந்துவிடும். பிணமாகத் தூக்கிப் போட்டால் சேராது. இவள் மஜ்ஜையை இரண்டு தடவை அமிலத்தில் கரைத்துப் பார்த்துவிட்டேன். ஒரு பாசிகூட இல்லை. பாவி, கொன்றுவிட்டுத்தான் போட்டிருக்கிறான்.

எங்கள் மேலதிகாரிக்கு நாங்கள் வைத்த பெயர் 'ரப்பர் ஸ்டாம்ப்'. போனில் வந்தார்.

"மூழ்கி இறந்துட்டாங்கன்னு எழுதிட்டு வீட்டுக்குப் போம்மா. மேலேருந்து பிரஷர்."

"இல்லாத பாசிய எங்கேருந்து சார் கொண்டு வர்றது? முடியாது."

"வேலை போயிடும்."

"போனா போகட்டும் சார்."

வைத்துவிட்டேன். 

மூன்றாவது தடவையும் பார்த்தால்தான் அறிக்கை நிற்கும். மிச்சம் இருந்த அந்த ஒரே துண்டை அமிலத்தில் போட்டேன். ஒவ்வொரு சோதனையிலும் பக்கத்தில் இன்னொரு கண்ணாடிக் குழாயில் வெறும் சுத்தத் தண்ணீர் வைப்போம். அதில் பாசி தெரிந்தால் மொத்தச் சோதனையும் செல்லாது.

5.42. டப்... சிங்க்கில் ஒரு சொட்டு. பைப்பை இறுக்கி மூடினேன்.

5.44. டப்... டப்...

பைப் மூடித்தான் இருந்தது.

ஏரிச் சேற்று வாடை அடித்தது.

சுத்தத் தண்ணீர் மெல்லப் பச்சையானது...

அந்தக் குழாயின் மூடியை நான் திறக்கவே இல்லை.

கழுத்தில் ஈரமாக ஒரு மூச்சு...

பயந்துதான் போனேன். ஆனால் கோபம் அதற்கு மேல் வந்தது. திரும்பாமலே கத்தினேன்.

"இந்தா பாரு! இது பச்சையானா ரிப்போர்ட் செல்லாது. உன் கேஸ்தான் ஊத்திக்கும். உனக்காக வேலை போனாலும் போகட்டும்னு நிக்கிறேன், என்கிட்டயே வித்தை காட்டுறியா? அவ்வளவு ஆத்திரம்னா உன் புருஷன்கிட்ட போ!"

கழுத்தில் பட்ட மூச்சு நின்றது.

5.51. தண்ணீர் தெளிந்திருந்தது.

மூன்றாவது தடவையும் மஜ்ஜையில் பாசி இல்லை. 'உயிரோடு மூழ்கியதற்கு அடையாளம் இல்லை' என்று எழுதி, அன்றே போலீசுக்கு அனுப்பினேன்.

செவ்வாய்க்கிழமை இன்னொரு எலும்பு வந்தது. அதே புருஷன். அந்தச் சனிக்கிழமையே சாயங்காலம் ஆறு மணிக்குள், உள்பக்கம் தாழ்ப்பாள் போட்ட அறையில், கட்டிலில் செத்துக் கிடந்தானாம். மெத்தை காய்ந்திருந்தது. நுரையீரல் நிறையத் தண்ணீர். அறுத்துப் பார்த்த டாக்டர் குழம்பிப்போய் எங்களுக்கு அனுப்பியிருந்தார். அந்த வீட்டிலிருந்து ஏரி நாற்பது கிலோமீட்டர்.

மூன்று தடவை பார்த்தேன். மஜ்ஜை முழுக்க அந்த ஏரிப் பாசி.

போ என்று சொன்னது நான்தான். எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை. 'ஏரி நீரில் உயிரோடு மூழ்கி இறந்தார்' என்று எழுதி நீட்டினேன்.

ரப்பர் ஸ்டாம்ப்புக்கு வியர்த்தது. "கட்டில்ல கிடந்தவன் எப்படிம்மா ஏரியில மூழ்குவான்?"

"அது எனக்குத் தெரியாது சார். இவன்கிட்ட பாசி இருக்கு."