என் ஞாயிற்றுக்கிழமைகளை எடுத்துக்கொண்ட சத்திரம்

சனிக்கிழமை பிற்பகல் திருச்சியில் ரயில் ஏறி, இருட்டும் நேரத்தில் செங்கல்பட்டில் இறங்கினேன். மின்சார ரயிலுக்கு ஓடும் கூட்டத்துக்கு நடுவே என் கணவர் செந்தில் நின்றிருந்தார். அவருக்குக் கல்பாக்கத்தில் வேலை, செங்கல்பட்டில் வாடகை வீடு. நான் திருச்சி அரசு மருத்துவமனை ஒன்றில் நர்ஸ். கல்யாணமாகி நான்கு வருடங்களில் எங்களுக்கென்று இருந்தவை ஞாயிற்றுக்கிழமைகள் மட்டுந்தான். பழைய கட்டடங்களைப் பராமரிக்கும் உள்ளூர்க் குழு ஒன்றில் சேர்ந்த பிறகு அவற்றையும் அவர் ஒரு சத்திரத்துக்குக் கொடுத்துவிட்டார். இந்த முறை அதை நேரில் பார்த்துவிடுவது என்றுதான் வந்தேன்.

மறுநாள் காலை மாமல்லபுரம் பஸ். சுமார் முப்பது கிலோமீட்டர். ஏரிகள், செங்கல் சூளைகள், புதிதாகக் கல் நட்ட மனைகள். திருக்கழுக்குன்றத்தில் மலை மீது வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நிறுத்தத்தில் இட்லி பொட்டலம் வாங்கினோம், முப்பது ரூபாய். மாமல்லபுரத்துக்குச் சற்று முன்பு, பக்கிங்காம் கால்வாய்ப் பாலத்தருகே இறங்கினோம். பஸ்ஸில் இருந்த மற்ற எல்லோரும் கடற்கரைக் கோயிலுக்குப் போகிறவர்கள். நாங்கள் இறங்குவதை ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்தார்கள்.

கரையோடு ஒரு கிலோமீட்டர் நடந்தால் சத்திரம். கால்வாயில் உப்பும் விறகும் படகில் போன காலத்தில் படகோட்டிகள் தங்கிய இடமாம். கருங்கல் தூண்கள், மெல்லிய செங்கல் அடுக்கிய கூரை, அதன் மேல் அரசங்கன்றுகள். பின்சுவரில் யாரோ பூசிய சிமெண்ட் வெடித்துத் தொங்கியது. இதற்கா என்று இருந்தது எனக்கு.

பத்துப் பேர் வேலையில் இருந்தார்கள். பூஞ்சேரியில் ஆட்டோ ஓட்டும் பாபு முதலில் வந்தார்.

"இன்னா சார், அண்ணி வர்றாங்கன்னு ஒரு வார்த்த சொல்லவே இல்ல."

ஆமாம், சொல்லவில்லை. அதை மனதில் குறித்துக்கொண்டேன்.

குழுவை நடத்துவது ஸ்டெல்லா. கோவளத்துப் பெண், என் வயதுதான். சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை. என் கையில் ஒரு பிரஷ் கொடுத்தாள். தான் போட்டிருந்த பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றி என் முகத்தில் மாட்டினாள்.

"மேலருந்து தூசி கொட்டுதுக்கா. போட்டுக்க."

நான் நன்றி சொல்லவில்லை. ஏனென்றால் அடுத்த நிமிடமே அவள் கூரையைப் பார்த்து, "செந்தில், அந்த வேர இழுக்காத. மருந்து வெச்சிட்டு வுடு, தானா காயட்டும்" என்றாள். அவரும் சரி என்று கையை எடுத்துக்கொண்டார். நான் அதுவரை அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வீட்டில் சாப்பிட்ட தட்டை எடுக்காத மனிதர், அங்கே சுண்ணாம்புக் கூடையைத் தோளில் தூக்கிக்கொண்டு சிரித்தபடி ஏணி ஏறினார். அந்தச் சிரிப்பை நான் பார்த்து நாளாகியிருந்தது. எனக்கு ஒதுக்கிய தூணை வேண்டிய அளவுக்கு மேலேயே அழுத்தித் தேய்த்தேன்.

உச்சி வெயிலில் அது நடந்தது. புதுப் பூச்சுக்காகத் தொட்டியில் சுண்ணாம்புக் கல் போட்டுத் தண்ணீர் விட்டிருந்தார்கள். அது கொதித்துக்கொண்டிருந்தது. ஸ்டெல்லா நீளக் கழியால் கிளறிக்கொண்டிருந்தாள். அடியில் ஒரு கல் வெடித்துத் தெறித்தது. அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய கண்ணாடி என் முகத்தில் இருந்தது.

யாரோ தேங்காய் எண்ணெய் எடுக்க ஓடினார்கள். நான் கத்தினேன். "எண்ணெய் வேணாம். குடிக்கிற தண்ணிக் கேன் அத்தனையும் கொண்டு வாங்க. செந்தில், அவ தலையப் பிடிங்க. இறுக்கிப் பிடிங்க."

பேர் சொல்லிவிட்டேன் என்பது அவருக்கும் உறைக்கவில்லை, எனக்கும் உறைக்கவில்லை. இமையைப் புரட்டி, ஒட்டியிருந்த சுண்ணாம்புத் துணுக்குகளை ஈரத் துணி நுனியால் எடுத்தேன். பிறகு தண்ணீர். கேன் கேனாக, விடாமல், அரை மணி நேரத்துக்கு மேல். ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் கண் மருத்துவர் கிடைக்க மாட்டார் என்பதால் பாபுவின் ஆட்டோவில் செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரிக்குக் கிளம்பினோம். அவள் தலை என் மடியில். வழியெல்லாம் ஊற்றிக்கொண்டே போனேன்.

திருக்கழுக்குன்றம் தாண்டியதும் அவள் கேட்டாள், "அக்கா, தொட்டி மேல பலக போட்டாங்களா?"

"இப்ப அதுவா முக்கியம்? கண்ணு போயிடும்மா."

"கண்ண நீ பாத்துகினு கீற. கரைக்கு ஆடு மேய வரும்கா, உள்ள வுழுந்துடும். செந்தில், போன் போட்டு பலகைய போடச் சொல்லு."

அவர் போன் போட்டார். பலகை போட்டாகிவிட்டது என்று தெரிந்த பிறகுதான் அவள் உடம்பு தளர்ந்தது. காலையிலிருந்து என் கணவர் விஷயத்தில் அவள் மேல் எரிந்துகொண்டிருந்தேன். அது அந்த இடத்தில் நின்றுபோனது. அதைவிடப் பெரிய பொறாமை ஒன்று வந்தது. கண் போகுமோ என்ற நேரத்திலும் நினைத்துக் கவலைப்பட இவளுக்கு ஒன்று இருக்கிறது. என் மடியில் இப்படி எத்தனையோ பேர் படுத்திருக்கிறார்கள். நான் படுத்தால் எதைப் பற்றிக் கேட்பேன்? ஒன்றும் தோன்றவில்லை.

மருத்துவர் மறுபடி கழுவிப் பார்த்தார். கருவிழியில் சிறு சிராய்ப்புதான், ஆறிவிடும் என்றார். பாபு வெளியே போய் எல்லோருக்கும் டீ வாங்கி வந்தார். நடைவழியில் செந்தில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உமா, நீ வேலை செஞ்சு நான் பார்த்ததே இல்ல."

"நீங்க எங்க வந்தீங்க பார்க்க?"

அன்று மாலை ரயிலில் திருச்சி திரும்பினேன்.

எங்கள் மருத்துவமனையின் பின்பக்கம் ஒரு பழைய வார்டு பூட்டிக் கிடக்கிறது. வளைவு வளைவான வராந்தா. தினமும் அதைக் கடந்துதான் சாப்பிடப் போவேன். திங்கட்கிழமை முதன்முறையாக நின்று அண்ணாந்து பார்த்தேன். கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று. கால்வாய்க் கரையில் படுத்துக் கிடக்கும் அந்தச் சத்திரத்துக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள், இதற்கு ஒருவரும் இல்லை. அந்தப் பத்துப் பேர் மேல் எரிச்சலாக வந்தது. அலுவலகத்தில் பேசி, எழுதிக் கொடுத்து, அனுமதி வாங்க மூன்று வாரமானது.

அனுமதி கிடைத்த அன்று அவருக்குப் போன் செய்தேன். "இந்த ஞாயிறு நான் வரலை. இங்க ஒரு கட்டடத்துல வேலை இருக்கு."

"தனியாவா?"

"இல்ல. எங்க எலக்ட்ரீஷியன் ஜோசப் ஏணி கொண்டு வர்றேன்னு சொல்லியிருக்காரு. நல்லா வேலை தெரிஞ்சவரு."



"யாரு அந்த ஜோசப்?" என்றார்.

சனிக்கிழமை திருச்சி ரயிலில் இடம் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன்.