மணி அடித்தவர்

கரம்பொனில் எங்கள் கத்தோலிக்கக் கோயில் மணியை அடிப்பவர் நெட்டையான, ஒல்லியான மனிதர். எதைக் கேட்டாலும் "பாப்பம்" என்பார். "அண்ணை, மழை வருமோ?" என்றாலும் பாப்பம், "தேத்தண்ணி குடிக்கிறியளோ?" என்றாலும் பாப்பம்தான்.

கொரோனா ஊரடங்கு நேரம் எங்கள் குறுகிய ஒழுங்கையில் ஒருவர் மாரடைப்பால் இறந்துபோனார். துக்க மணி கேட்டால் ஊரே செத்தவீட்டுக்குத் திரண்டுவிடும். சந்தியிலோ பொலிஸ் நின்றது. கூடியவர்களைப் பிடித்துத் தனிமைப்படுத்தல் முகாமுக்கு ஏற்றிவிடுவார்கள். மணி வேண்டாம் என்றோம்.

"மணி அடிக்காமல் அவரை நாயைப் புதைக்கிற மாதிரிப் புதைக்கச் சொல்லுறியளோ?" என்று இறந்தவரின் மனைவி கத்தினார்.

மணிக்காரர் அன்று "பாப்பம்" என்று சொல்லவில்லை. வீடு வீடாகப் போய், படலைக்கு வெளியே நின்று சத்தம் போட்டார்.

"இப்ப அடிக்கப்போறன். ஒருத்தரும் வெளிக்கிட வேண்டாம். வெளிக்கிட்டியள் எண்டால் பொலிஸ் முதலிலை என்னைத்தான் ஏத்தும். உள்ளுக்கையே செபம் சொல்லுங்கோ."

மணி ஒலித்தது. நான் வேலியோடு நின்று ஒழுங்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொலிஸ் ஜீப் மெல்ல உருண்டு வந்து, நின்று, திரும்பிப் போனது. ஒரு படலைகூடத் திறக்கவில்லை.

பின்னேரம் அவரைக் கண்டு, "தப்பினம் அண்ணை, ஒருத்தரும் வரேல்லை" என்றேன்.

"ஓம்" என்றார். முகத்தில் நிம்மதியைக் காணவில்லை. "அடிச்சுப்போட்டு, வாறவையை மறிக்க எண்டுதான் ஒழுங்கை முனைக்கு ஓடி வந்தனான். மறிக்க ஒருத்தராவது வருவினம் எண்டு நினைச்சனான்."

எங்களை நொந்தாரா, தன்னையே நொந்தாரா என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.